எறும்பு வீட்டின் விருந்தாளி

மழைக்காலம் தொடங்கிவிட்டால் மாலை விளக்கைச் சுற்றிப் பூச்சிகளின் கூட்டம் பெருகிவிடுகிறது. அவற்றுள் செம்மையும் கருமையும் மாறி மாறி அமைந்து, எறும்பைப் போல் ஒடுங்கிய உடலோடு விரைந்து ஓடும் சிறு பூச்சி ஒன்றைப் பற்றி நம் சங்கத்து அம்மையார் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். குழந்தையின் கழுத்தில் வந்து விழுந்த அப்பூச்சியைக் கையால் தேய்த்துவிட்டார்களாம். மறுநாள் அவ்விடம் சிவந்து, தீப்பட்டாற்போல் கொப்புளம் கண்டதாம். "கடித்ததா, கொட்டியதா?" என்பது அவருடைய வினா.

கடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை என்பதே விடை. பீடெரஸ் என்று பெயர் பெற்ற அப்பூச்சியின் உடலில் பீடெரின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. பூச்சி நசுங்கினால்தான் அது தோலில் படும். ஓரிரு நாளில் கொப்புளம் எழும். ஆகவே அது உடலில் வந்து அமர்ந்தால் அடிக்க வேண்டா, தேய்க்க வேண்டா. வாயால் ஊதித் தள்ளிவிடுக. நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுக. அக்கையோடு கண்ணைத் தொடுதல் கூடாது. கொப்புளம் கண்ணருகே எழுந்தாலும் பெரிதாகப் பரவினாலும் மருத்துவரிடம் காட்டுதல் நலம்.

அம்மையாரின் வினாவை ஒட்டி, அப்பூச்சியின் சுற்றத்தார் யாவர் என்று தேடிப் படித்தோம். அச்சுற்றம் மிகப் பெரியது. அறிவியலார் அதனை ஸ்டாபிலினிடே குடும்பம் என்பர். நாம் குட்டைச்சிறகு வண்டுகள் என்று சொல்லிக்கொள்வோம். இதுகாறும் பெயரிட்டு வகுக்கப்பட்டவை 60,000 இனங்களுக்கு மேல். வண்டு என்றதும் முதுகு முழுவதையும் மூடும் கெட்டியான உறையே நம் நினைவுக்கு வரும். இவற்றுக்கோ அவ்வுறை பாதி முதுகோடு நின்றுவிடும். வயிற்றுப் பகுதி வெளியே தெரியும். பறக்கும் சிறகுகளை அக்குட்டை உறையின் அடியில் பல மடிப்பாக மடித்து வைத்திருக்கும். காட்டில் உதிர்ந்து மட்கும் இலைகளின் அடியிலும், மரப்பட்டை இடுக்குகளிலும், காளான்களிலும் இவற்றுள் பெரும்பாலானவை சிற்றுயிர்களை வேட்டையாடி வாழ்கின்றன.

இவ்வாறு காட்டுத் தரையில் வேட்டையாடும் சுற்றத்தை விட்டு, எறும்புகளின் வீட்டிலேயே குடிபுகுந்துவிட்ட கிளைகள் சில உண்டு. லோமெக்கூசா என்னும் பேரினம் அவற்றுள் ஒன்று. ஐரோப்பாவின் காடுகளும் காட்டோரப் புல்வெளிகளும் அதன் நாடு. முன்னாளில் அட்டெமெலிஸ் என்ற தனிப்பெயரால் நூல்களில் வழங்கிய வண்டுகளும் இப்போது இப்பேரினத்துள்ளேயே அடக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பியூபிகாலிஸ் என்னும் இனத்தின் வாழ்க்கையை ஜெர்மானிய அறிஞர் பெர்ட் ஹோல்டாப்ளர் 1960-களின் பிற்பகுதியில் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னாளில் எட்வர்டு வில்சனோடு சேர்ந்து 'எறும்புகள்' என்னும் பெருநூலை எழுதி, 1991-இல் புலிட்சர் பரிசு பெற்றவரும் இவரே. அவர் கண்ட செய்திகளையே இத்திங்கள் நேயர்களுக்குக் கூற விழைகிறோம். பிறந்த ஊரை விட்டு வந்து, பிறர் நடுவே வாழும் நம் போன்றோர் எண்ணிப் பார்ப்பதற்கு அவற்றில் இடம் உண்டு.

முதலில் வீட்டைப் பார்ப்போம். பார்மிகா என்னும் பேரினத்தைச் சேர்ந்த காட்டெறும்புகள், ஊசியிலை மரங்களின் சருகுகளையும் சுள்ளிகளையும் குவித்து மேடுபோல் புற்று எழுப்புகின்றன. ஓர் ஆளின் இடுப்பளவு உயர்ந்த புற்றுகளும் உண்டு. ஒரு புற்றில் லட்சக்கணக்கான வேலைக்கார எறும்புகள் இருக்கும். அயல் பூச்சி எது வந்தாலும் கடித்தும், அமிலத்தைப் பீச்சியும், பலவாகச் சேர்ந்து இழுத்தும் கொன்றுவிடும். வெளியே காவல் இவ்வாறு கடுமையாயினும், உள்ளே நடப்பது ஒரே பானைச் சோற்றுக் குடும்பம். இரை தேடிச் சென்று திரும்பும் எறும்பு, தான் உண்டதில் பெரும்பகுதியைச் செரிக்காமல் வயிற்றினுள் தனியே ஒரு பையில் வைத்திருக்கும். பசித்த எறும்பு ஒன்று எதிரே வந்து, உணர்கொம்பால் தட்டி, முன்காலால் வாயருகே தொட்டால் போதும்; ஒரு துளியை மேலே கொணர்ந்து ஊட்டிவிடும். ஊட்டப்பெற்றது மற்றொன்றுக்கு ஊட்டும். புழுப் பருவத்தில் கிடக்கும் குழந்தைகளுக்கும் தாதி எறும்புகள் இவ்வாறே ஊட்டுகின்றன. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று எங்கும் கணக்குப் பதிவதில்லை. கேட்டவர்க்குக் கொடுப்பது என்னும் ஒரே வழக்கத்தின்மேல்தான் லட்சம் உயிர்களின் வாழ்வு நிற்கிறது.

இவ்வீட்டிற்குள் நம் வண்டு இளவேனிலில் வந்து சேர்ந்து, இணைகூடி முட்டையிடுகிறது. வண்டின் நீளம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்; ஓர் அரிசியின் அளவு என்னலாம். முட்டையிலிருந்து வெளிவரும் வண்டுப்புழு, எறும்பின் குழந்தைகள் கிடக்கும் அறையிலேயே வளர்கிறது. தாதி எறும்பு அருகில் வந்து தொட்ட அளவில், அது தலையைத் தூக்கி எறும்பின் வாயைத் தேடும். பசித்த எறும்புப்புழு செய்வதும் இதுவே. ஆனால் அது இத்துணை மும்முரமாகக் கேட்பதில்லை. உணவில் கதிரியக்கப் பொருளைச் சிறிது கலந்து, எவருக்கு எவ்வளவு சென்றது என்று ஹோல்டாப்ளர் அளந்து பார்த்தார். இருவகைப் புழுக்களும் அருகருகே கிடந்தபோது, வீட்டுக் குழந்தையைவிட வந்தேறிய குழந்தைக்கே பங்கு மிகுதியாகக் கிடைத்தது.

ஊட்டியதை உண்டு அமைந்தாலும் பொறுக்கலாம். வண்டுப்புழு, தன்னருகே கிடக்கும் எறும்பின் முட்டைகளையும் இளம் புழுக்களையும் தின்னவும் செய்கிறது. தாதி எறும்பு அவ்வறையிலேயே நடமாடுகிறது, தடுப்பதில்லை. தன் குழந்தையைத் தின்ற வாயில் அடுத்த துளியை ஊட்டிவிட்டுச் செல்கிறது.

இது எங்ஙனம் நிகழ்கிறது? எறும்பின் வீடு இருள் சூழ்ந்தது. அங்கே உருவம் பார்த்து உறவு கொள்வதில்லை. மணமும் தொடுகையுமே மொழி. வண்டுப்புழுவின் உடற்கண்டங்களில் உள்ள சுரப்பிகள், எறும்பைக் கவரும் ஒருவகைப் பொருளைச் சுரக்கின்றன. இதனைத் தெளிவாக்க ஹோல்டாப்ளர் செய்த சோதனை மிக எளியது. இறந்த வண்டுப்புழுக்கள் சிலவற்றின்மேல் அரக்குக் கரைசலை முழுவதும் பூசிப் புற்றின் அருகே வைத்தார். எறும்புகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அல்லது குப்பையில் கொண்டுபோய்ப் போட்டன. ஒரே ஒரு கண்டத்தை மட்டும் பூசாமல் விட்டால், அப்புழுவைத் தூக்கிக் கொண்டுபோய்க் குழந்தைகளின் அறையில் சேர்த்தன. பின்னர் அச்சுரப்பைத் தனியே கரைத்தெடுத்து, வடிதாள் துண்டுகளை அதில் தோய்த்து வைத்தார். உயிரற்ற அந்தத் தாள் துண்டுகளையும் எறும்புகள் குழந்தையென்றே தூக்கிச் சென்றன!

நாம் இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றுகிறோம். இச்சோதனையைப் படித்தபோது நம் அலுவலகமே கண்முன் வந்தது. மூட்டையின்மேல் ஒட்டிய சீட்டில் எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அந்த ஊருக்கு மூட்டை செல்லும். உள்ளே இருப்பது புடவையா, புளியா என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினால் வண்டி புறப்படாது. எறும்பின் நிலையும் அதுவே. 'இது நம் குழந்தை' என்ற சீட்டு ஒட்டியிருந்தால், தாளாயினும் அது குழந்தை. சீட்டு மறைந்தால் குப்பை. எறும்பு அறிவற்றது என்று இதனால் சொல்லிவிட முடியாது. லட்சம் வாய்களுக்கு ஊட்ட வேண்டிய வீட்டில், ஒவ்வொரு வாயையும் ஆராய்ந்து ஊட்ட நேரம் ஏது?

கோடை கழிந்து இலையுதிர் காலம் நெருங்கும்போது, வண்டுப்புழு கூட்டுப்புழுவாகி, முதிர்ந்த வண்டாக வெளிவருகிறது. இனி அதற்கு அந்த வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. காரணம் குளிர்காலம். காட்டெறும்புகள் குளிர்காலத்தில் குழந்தைகளை வளர்ப்பதில்லை, மண்ணின் ஆழத்தில் ஒடுங்கிவிடுகின்றன, ஊட்டுவதும் நின்றுவிடும். காட்டை அடுத்த புல்வெளிகளில் வாழும் மிர்மிகா என்னும் வேறு வகை எறும்புகளோ குளிர்காலத்திலும் தம் குழந்தைகளை வைத்திருப்பவை. அவ்வீடுகளில் உணவு கைமாறுவது நிற்பதில்லை. ஆகவே வண்டு காட்டை விட்டுப் புல்வெளிக்குப் புறப்படுகிறது. புறப்படுமுன் தன் புரவலராகிய காட்டெறும்பைத் தட்டி, வாயருகே தொட்டு, வழிக்குச் சோறு கட்டிக்கொள்வதுபோல் வயிறு நிரம்ப வாங்கிக்கொள்ளும். பிறகு வெளிச்சம் உள்ள திசை நாடி நடக்கும். காட்டினின்றும் வெளியேற அதுவே வழிகாட்டி. வெளியே வந்தபின் காற்றில் மிதந்து வரும் மிர்மிகாவின் மணத்தைப் பற்றிக்கொண்டு அவ்வீட்டு வாயிலை அடையும்.

அயல் வீட்டு வாயிலில் அது நடந்துகொள்ளும் முறையே இக்கதையின் சுவைமிகுந்த பகுதி. எதிர்ப்படும் எறும்பை வண்டு முதலில் தன் உணர்கொம்பால் மெல்லத் தொடுகிறது. உடனே வயிற்றின் நுனியை உயர்த்தி எறும்பின் பக்கம் நீட்டுகிறது. அந்நுனியில் ஒரு சுரப்பி உண்டு. எறும்பு அதனை நக்குகிறது. நக்க நக்கச் சினம் தணிகிறது. சாந்தச் சுரப்பி என்று அதனை அழைக்கலாம். அடுத்து எறும்பு வண்டின் வயிற்றுப் பக்கங்களை நோக்கிச் செல்கிறது. அங்கே மயிர்கள் சூழ்ந்த வேறு சுரப்பிகள் வரிசையாக உள்ளன. வண்டு வயிற்றைத் தாழ்த்தி, அவற்றையும் நக்க இடம் தருகிறது. இச்சுரப்பிகளைத் தத்துச் சுரப்பிகள் என்னலாம். ஏனெனில் இவற்றை நக்கிய எறும்பு வண்டைக் கவ்வித் தூக்கி, நேரே குழந்தைகளின் அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. எதிர்ப்பு மிகுந்தால் பீச்சுவதற்கு முதுகில் கார மணமுள்ள நீர்மம் ஒன்றும் வைத்திருக்கிறது. ஆனால் முதலில் மெல்லத் தட்டுதல், பிறகு சினம் தணித்தல், அதன்பின் உறவு கொண்டாடுதல் என்ற முறை வழுவாதபோது அதற்குத் தேவை எழுவதில்லை.

குளிர்காலம் முழுவதும் புல்வெளி வீட்டில் உண்டு முதிர்ந்தபின், இளவேனிலில் அது மீண்டும் காட்டுக்குப் புறப்படும். அப்போது அதனை ஈர்ப்பது காட்டெறும்பின் மணம். பருவத்துக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு மணம்; இரு வீட்டு வழக்கமும் அதற்கு மனப்பாடம். வட அமெரிக்காவில் செனோடூசா என்னும் உறவுப் பேரினமும் இவ்வாறே இருவகை எறும்புகளிடையே வீடு மாறி வாழ்கிறது.

இவ்வண்டுகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர்களுள் எரிக் வாஸ்மன் (1859-1931) என்னும் ஏசு சபைத் துறவி குறிப்பிடத் தக்கவர். தம் குழந்தைகளைத் தின்னும் பகையையே எறும்புகள் பேணி வளர்ப்பதைக் கண்டு அவர் வியந்தார். வாழ்க்கைப் போராட்டத்தில் தக்கவை நிலைக்கும் என்ற டார்வினின் கருத்துக்கு இது பொருந்தாதே என்பது அவர் எழுப்பிய தடை. எறும்புகளிடம் விருந்து பேணும் தனி இயல்பூக்கம் இருக்கவேண்டும் என்று அவர் கருதினார். பின்வந்தோர் அதனை ஏற்கவில்லை. விருந்துக்கென்று தனி இயல்பூக்கம் வேண்டா. குழந்தையைப் பேணும் இயல்பூக்கமே போதும், அதனையே வண்டு தன் வயப்படுத்திக்கொண்டது என்பது இன்றைய விளக்கம். நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுகிறது. திறந்த சிவந்த வாயைக் கண்ட காக்கை ஊட்டுகிறது. காக்கைக்குக் குயிலின்மேல் அன்பு என்று யாரும் சொல்வதில்லை. குஞ்சின்மேல் உள்ள அன்புதான் வழி தவறிக் குயிலுக்குப் போய்ச் சேர்கிறது.

அவ்வாறாயின் எறும்பு வீடுகள் ஏன் அழிந்தொழியவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். விருந்து மிகுந்த புற்றுகள் நலிவதுண்டு என்று வாஸ்மனே எழுதியிருக்கிறார். ஆயினும் பெரும்பாலான வீடுகள் தாங்கிக்கொள்கின்றன. அதற்கு ஒரு காரணத்தை ஹோல்டாப்ளர் கண்டார். வண்டுப்புழு எறும்புக் குழந்தையைத் தின்பதுபோலவே தன் இனத்துப் புழுவையும் தின்கிறது. எறும்புக் குழந்தைகள் ஒன்றாகக் குவிந்து கிடக்க, வண்டுப்புழுக்கள் தனித்தனியே கிடப்பதற்கும் அதுவே காரணம். கூட்டம் பெருகினால் ஒன்றையொன்று தின்று தொகை குறைந்துவிடும். ஏமாற்றுவோர் தமக்குள் இணங்கி வாழ முடிவதில்லை. வீட்டார் இணங்கி வாழ்கின்றனர். வீடு நிலைப்பது அதனால்தான்.

இவ்வுறவு எவ்வளவு பழமையானது என்பதற்கு, நாம் இன்று வாழும் இந்தக் குஜராத் மண்ணே சாட்சி சொல்கிறது. நெய்வேலியில் வெட்டுவதுபோல் இங்கும் பழுப்பு நிலக்கரி வெட்டும் சுரங்கங்கள் உண்டு. அவற்றில் அம்பர் கட்டிகள் கிடைக்கின்றன. அம்பர் என்பது தொல்பழங்கால மரங்களின் பிசின் வழிந்து இறுகிக் கல்லானது. வழியும்போது அதில் சிக்கிய பூச்சிகள் உருக்குலையாமல் அப்படியே உள்ளே இருக்கும். அத்தகைய கட்டி ஒன்றில் அகப்பட்டிருந்த சிறு வண்டு ஒன்றை ஜோசப் பார்க்கர், டேவிட் கிரிமால்டி என்னும் அறிஞர்கள் 2014-இல் விளக்கி, புரோட்டோகிளாவிகர் என்று பெயரிட்டனர். அதன் வயது ஏறத்தாழ 5 கோடியே 20 லட்சம் ஆண்டு. அது லோமெக்கூசாவின் முன்னோன் அன்று. அதே குட்டைச்சிறகுக் குடும்பத்தில், எறும்பு வீடுகளில் வாழும் வேறொரு கிளையைச் சேர்ந்தது. எறும்பு நக்குவதற்கென்றே அமைந்த மயிர்க்கொத்துகள் அதன் உடலில் அன்றே இருந்தன. இன்றைய எறும்பு வகைகள் உலகில் பெருகத் தொடங்கிய காலம் அது. வீடு எழுந்துகொண்டிருக்கும்போதே இத்தகைய விருந்தாளியும் வந்துவிட்டார் என்று கொள்ள வேண்டும்.

ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாக எறும்பு ஏமாற்றப்பட்டு வருகிறது. ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாக அது ஊட்டியும் வருகிறது. ஊட்டுவதை நிறுத்திவிட்ட எறும்பு வீடு ஒன்று இருந்திருந்தால் அதில் வண்டு நுழைந்திராது. ஆனால் எறும்புக் குழந்தையும் அங்கே பிழைத்திராது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

இக்கதையைக் கேட்டவுடன் சிலர் வாயில் ஒரு சொல் வரும். பிற மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தோரைப் பார்த்து, 'இவர்களும் இவ்வண்டு போன்றவர்களே' என்பார்கள். நம்மைப் பார்த்து இவ்வூரில் அவ்வாறு சொன்னவர் உண்டு. நம் தமிழ்நாட்டிலும், வடக்கேயிருந்து வந்து கட்டடம் கட்டியும் பாதை போட்டும் உழைக்கும் தொழிலாளரைப் பார்த்து இதே சொல்லைச் சொல்வோர் உண்டு. இரண்டும் ஒரே பிழை. வண்டு அந்த வீட்டுக்கு ஒரு துரும்பும் சுமந்து வருவதில்லை. வந்தவர்களோ மூட்டை ஏற்றுகிறார்கள், தறி ஓட்டுகிறார்கள், நோயாளியின் படுக்கை அருகே கண்விழிக்கிறார்கள், பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார்கள். இவர்கள் அந்தப் பானையில் உண்பவர்கள் மட்டும் அல்லர். அதற்கு அரிசி கொண்டு வருபவர்களும் ஆவர். உவமை சொல்வோர் உழைப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இக்கதை உண்மையில் தொடுவது நம் சங்கத்தின் உதவி நிதியையே என்று எண்ணுகிறோம். சென்ற ஆண்டு நடந்ததை உறுப்பினர் பலரும் அறிவர். திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லிக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார். பேச்சில் அம்மண்ணின் வாடை இருந்தது. பெரியவர்களை அண்ணாச்சி என்றார். அம்மையார்களை அக்கா என்றார். ஊரில் தாய்க்கு அறுவை மருத்துவம் என்றார். அன்று மாலையே நிதியிலிருந்து பணம் கொடுக்கப்பட்டது. பணத்தோடு போனவர் மீண்டும் வரவில்லை. வேறோர் ஊர்ச் சங்கத்திலும் அதே தாயைச் சொல்லி அவர் பணம் பெற்றிருந்தது பின்னர்த் தெரிந்தது. மெல்லத் தட்டுதல், சினம் தணித்தல், உறவு கொண்டாடுதல் என்னும் முறையில் அவர் எதையும் விட்டுவிடவில்லை.

அதன்பின் நிதியை மூடிவிடவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. இன்னும் மூடவில்லை, ஆனால் கை சுருங்கிவிட்டது. நான்கு திங்களுக்கு முன் உலோகப் பட்டறை வேலைக்கென்று ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து இறங்கினார். அழைத்து வந்த தரகர் தொலைபேசியை எடுக்கவில்லை. சங்கத் திண்ணையில் அவர்களை நிறுத்திவைத்து, ஆதார் அட்டை, ஊர்ப் பெரியவர் கடிதம், முதலாளியின் முகவரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். எல்லாம் சரியாக இருந்தன. சரிபார்த்து முடிப்பதற்குள் இரவு பத்தாகிவிட்டது. அதுவரை அந்தக் குழந்தைக்குப் பால் வேண்டுமா என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மாள் இன்று நம் குடியிருப்பிலேயே இருக்கிறார், நல்ல மனத்தவர். 'அன்றைக்கு நாங்கள் திருடர்கள்போல் நின்றோம்' என்று ஒரு நாள் சொன்னார். குறைகூறும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அதுதான் நெஞ்சில் தங்கிவிட்டது.

ஏமாற்றியவன் எடுத்துச் சென்றது சில ஆயிரம் ரூபாய். அவன் பொருட்டு நாம் இழந்தது அன்று திண்ணையில் நின்றவர்களின் முன் நமக்கு இருந்திருக்கவேண்டிய முகம். இரண்டில் பெரிய இழப்பு எது என்று உறுப்பினர்களே கூறட்டும்.

எனவே எறும்பைப் போலவே இருந்துவிடுவோம் என்று நாம் சொல்ல வரவில்லை. எறும்புக்குச் சீட்டைத் தவிர வேறொன்றும் படிக்கத் தெரியாது. நமக்குத் தெரியும். நமக்கு நாளையும் உண்டு, காலும் உண்டு. உடன் சென்று பார்க்கலாம். பொதுக்குழுவின்முன் மூன்று கருத்துகளை வைக்கிறோம்.

முதலாவது, வந்தவருக்கு முதல் வேளைச் சோறும் முதல் இரவு படுக்கையும் கேள்வியின்றிக் கொடுக்கப்பட வேண்டும். அதில் ஏமாந்தால் போவது ஒரு வேளைச் சோறுதான். இரண்டாவது, பணமாகக் கேட்பவர்க்குப் பணத்தைக் கையில் கொடுப்பதற்கு மாறாக, உறுப்பினர் இருவர் உடன் செல்ல வேண்டும். மருத்துவமனை என்றால் மருத்துவமனையிலேயே கட்டலாம். ஊருக்குச் செல்ல வேண்டுமென்றால் பயணச்சீட்டு வாங்கி வண்டியில் ஏற்றிவிடலாம். வெளியூர் நோயாளி என்றால் அவ்வூர்ச் சங்கத்தாரைக் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். உடன் வருகிறோம் என்றதும் மெய்யாகவே துன்பப்படுபவர் மகிழ்வார். மற்றவர் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விடுவார். மூன்றாவது, பேச்சின் வாடையைக் கொண்டு மட்டும் எவரையும் சேர்க்கவும் வேண்டா, விலக்கவும் வேண்டா. நம் ஊர்ப் பேச்சுப் பேசுகிறவர் என்பது ஒரு சீட்டு, அவ்வளவே. தெலுங்கு பேசும் தாயும் ஒரியா பேசும் தாயும் நம் திண்ணைக்கு வரக்கூடும். அவர்கள் குழந்தைக்கும் பால் வேண்டும்.

இம்முறையிலும் சில வேளை ஏமாறுவோம். ஐந்து கோடி ஆண்டு பழகிய எறும்பே ஏமாறும்போது, அறுபது குடும்பமுள்ள ஒரு சங்கம் ஏமாறாதிருக்க இயலுமா? அந்த இழப்பை ஆண்டுக் கணக்கில் ஒரு செலவாக எழுதிவிட்டு, அடுத்தவருக்குக் கதவைத் திறந்து வைப்போம்.

அம்மையார் குழந்தையின் கழுத்துக் கொப்புளம் ஆறிவிட்டதென்று செய்தி வந்தது, மகிழ்ச்சி. விளக்கைச் சன்னலை விட்டுத் தள்ளி வைத்தால் அப்பூச்சி அவ்வளவாக உள்ளே வராது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறோம். அடுத்த திங்கள் கரையான் புற்றைப் பற்றி எழுத எண்ணம். நேயர்கள் தம் வினாக்களை முன்போல் சங்க முகவரிக்கு எழுதி அனுப்புக.